மாமியாரைத் தேடி அழுத மருமகள்

(சமுதாய வளைகாப்பு விழாவில் ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஓடிக்கொண்டிருக்கும் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர் அவர்களே, அடுத்த நிகழ்ச்சிக்கு நேரமாகியும் “அம்மா பேசுறதைக் கேட்டுட்டே போறேன்” என்று உட்கார்ந்திருக்கும் ஒன்றியக் குழுத் தலைவர் அவர்களே, ஒரு காலத்தில் என்னிடம் தடுப்பூசி போடப் பழகி, இன்று எனக்கே பொன்னாடை போர்த்திய சமுதாய சுகாதார செவிலியர் அவர்களே, ஐந்து வகைச் சாதம் கிண்டிவிட்டுப் பந்தலுக்குப் பின்னால் நிற்கும் அங்கன்வாடிப் பணியாளர்களே, உதவியாளர்களே, பந்தல் போட்ட தம்பிகளே, அனைவருக்கும் வணக்கம். சாதத்தில் புளியோதரைக்குத்தான் என் ஓட்டு.

கை நிறைய வளையலோடு முன்வரிசையில் இருக்கும் கண்ணுகளா, உங்களிடம் மூன்று விஷயம் சொல்ல வந்தேன். கர்ப்ப காலத்தில் வரும் பிரிவுப் பதற்றம் என்றால் என்ன, அது யாருக்கு வருகிறது, பிறக்கப்போகும் பிள்ளையை அது என்ன செய்கிறது.

பிரிவுப் பதற்றம் என்றதும் பால்வாடி வாசலில் அம்மா சேலையை விடாமல் அழும் பிள்ளைதான் நினைவுக்கு வரும். மருத்துவப் புத்தகமும் ரொம்ப நாள் அப்படித்தான் வைத்திருந்தது. 18 வயதுக்குள் தொடங்கியிருந்தால்தான் கணக்கில் சேரும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-ல் கொண்டுவந்த புதிய கையேட்டில்தான் அந்த வயது வரம்பை எடுத்தார்கள். வளர்ந்தவர்களுக்கும் புதிதாக வரலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் பெரியவர்களுக்குப் பொதுவாக ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டுமாம். ஆறு மாதம் பொறுத்துப் பார்க்கலாம் என்றால் இங்கே பிள்ளையே பிறந்துவிடும்!

எல்லாக் கவலையும் நோய் இல்லை. புருஷன் வர நேரமானால் வாசலைப் பார்ப்பது மனித இயல்பு. ஆனால் அவர் வண்டியை எடுத்த நிமிஷமே விபத்துதான் என்று மனசு அடித்துச் சொல்வது, பக்கத்தில் அந்த ஆள் இல்லாமல் கண்ணே மூட முடியாதது, பிரிந்து போவதாகவே கனவு வருவது, பிரியும் நேரம் வயிற்றைப் புரட்டித் தலை வலிப்பது, இவை நாள் கணக்கில் தொடர்ந்தால் கவனிக்க வேண்டும். நம் வீடுகளில் இத்தனையையும் ‘மசக்கை’ என்ற ஒரே சொல்லில் மூட்டை கட்டிவிடுகிறோம். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

யாருக்கு வருகிறது? ஒரு கதை சொல்கிறேன். நான் திருச்செங்கோடு பக்கம் வேலை பார்த்த காலம். ஒரு பெண்ணுக்குத் தலைப் பிரசவம். புருஷனுக்கு ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலை. நம் ஊர் ரிக் வண்டி போய்க் குழி போடாத மாநிலம் உண்டா? வருஷத்தில் பாதி அவன் வடக்கேதான். ஏழாம் மாதம் வளையல் போட்டு அண்ணன் வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். அன்று ராத்திரியே நெஞ்சு படபடப்பு, மூச்சு வாங்குகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்தால் ரத்த அழுத்தம் சரி, ஈசிஜி சரி, குழந்தையின் துடிப்பு சரி. அண்ணி கூட்டிப்போய் மந்திரித்துக் கயிறு கட்டினாள். அதற்கும் அடங்கவில்லை. “புருஷன் ஏக்கம்தான், வேறென்ன?” என்று ஊரே தீர்ப்பு எழுதிவிட்டது. அவனுக்குப் போன் பறந்தது. மத்தியப் பிரதேசத்தில் குழி பாதியில் நிற்க, ரயிலில் நின்றபடியே வந்து சேர்ந்தான் பாவம். அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “நீங்க எதுக்குங்க வந்தீங்க? அத்தை வரலையா?” என்றாளே பார்க்கணும்!

(சிரிப்பு, கைதட்டல்)

சிரியுங்கள். நானும் சிரித்தேன். அப்புறம் தனியாக உட்கார வைத்துக் கேட்டேன். சின்ன வயதிலேயே தாய் ஆஸ்பத்திரிக்குப் போய் உயிரோடு திரும்பவில்லை. கட்டிக்கொடுத்த வீட்டில்தான் அவளுக்குத் தலைவாரிவிட ஒரு கை கிடைத்தது. அந்த அத்தைக்கும் ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில்தான் ராத்திரியெல்லாம் விழித்திருக்கிறாள். மாமியாரிடம் போனேன். “தலைப் பிரசவம் பொறந்த வீட்லதானுங்களே? நான் போய்ச் சம்பந்தி வீட்ல உக்காந்தா ஊர் என்னங்க பேசும்?” என்றார். “ஊருக்கா அம்மிணி இடுப்பு வலிக்கப் போகுது?” என்றேன். மறுநாளே இரண்டு சேலையும் ஒரு கோழியுமாக அண்ணன் வீட்டில் வந்து இறங்கினார். மாவட்ட மருத்துவமனையில் மனநல மருத்துவரிடமும் காட்டினோம். மாத்திரை எழுதவில்லை, வாராவாரம் கூப்பிட்டுப் பேசினார். அவள் தூங்க ஆரம்பித்தாள்.

பிரசவத்துக்கு அண்ணன் கௌரவம் பார்த்துத் தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். அங்கே அத்தையை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டார்கள். தாயை ஆஸ்பத்திரியில் இழந்தவள் உள்ளே ஒற்றையாகக் கிடந்தாள். இதற்காகத்தான் நான் மேடை மேடையாக ஏறுகிறேன். நம் அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறைக்குள் துணைக்கு ஒரு பெண்ணை அனுமதிக்கும் ஏற்பாடு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் அவள் விரும்பும் துணை கூடவே இருக்கட்டும் என்கிறது. 17 நாடுகளில் 15,000-க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். விடாமல் துணை கிடைத்தவர்களுக்குச் சிசேரியன் குறைந்திருக்கிறது, வலி எடுக்கும் நேரமும் சுருங்கியிருக்கிறது. செலவு? ஒரு நாற்காலி, ஒரு கவுன்.

கிருமி வரும் என்பார்கள். கை கழுவினால் போகும். இடம் இல்லை என்பார்கள். அறிமுகமான வீட்டுப் பெண் என்றால் மட்டும் எப்படி இடம் வருகிறது? மறுக்கிற நிர்வாகிகளிடம் நான் சொல்வது ஒன்றுதான்: தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

மூன்றாவதாகப் பிள்ளையைப் பற்றிப் பேச வேண்டும். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், சாதமும் ஆறுகிறது. அடுத்த மேடையில் வைத்துக்கொள்வோம். ராத்திரி தூக்கம் வராமல் தவித்தால் 14416-க்குப் போன் பண்ணுங்கள். டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் அது, காசு கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள். அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது பிரசவ அறைக்குள் யார் கூட வர வேண்டும் என்பதை நர்சம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். புருஷன்மார்களும் மாமியார்மார்களும் வாசலில் மேசையைப் பாருங்கள். நம் வட்டாரத்துத் தனியார் மருத்துவமனைகளிலும் துணையை உள்ளே விடச் சொல்லி ஆட்சியருக்குக் கொடுக்கும் மனு இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகலாம். பேனா இரண்டுதான் இருக்கிறது, யாரும் பையில் போட்டுக்கொண்டு போய்விடாதீர்கள். நன்றி, வணக்கம்.