பத்துப் பிரின்டருக்கு ஒரே டிரைவர்

நேயர்களுக்கு வணக்கம்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மண்டியின் மாடி ஆபீஸை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் பிரிவில் ஒரு லேசர் பிரின்டர், முதலாளி அறையில் ஒன்று, இ-வே பில் போடுகிற மேஜையில் ஒன்று, வராந்தாவில் ஒரு பெரிய ஜெராக்ஸ் மிஷின். கம்ப்யூட்டர் எட்டு. ஏதாவது ஒரு கம்ப்யூட்டரில் பிரின்டர் பட்டியலைத் திறந்தால் ஒரே பெயர் மூன்று தடவை இருக்கும், பின்னால் 'காப்பி ஒன்று', 'காப்பி இரண்டு' என்று வால் முளைத்திருக்கும். அதில் எது உயிரோடு இருக்கிறது என்பது அங்கே உட்காருகிறவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் லீவு போட்டால் அன்றைக்கு பில் நிற்கும்.

கம்ப்யூட்டரைப் பிரின்டரோடு பேச வைக்கும் மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். நான்கு மாடல், நான்கு டிரைவர், எட்டு கம்ப்யூட்டர். போட வேண்டியது முப்பத்திரண்டு தடவை. இதை ஒரே டிரைவரில் அடக்கலாம். பெரும்பாலான கம்பெனிகள் தங்கள் மிஷின்களுக்கென்று ஒரு பொது டிரைவரைத் தங்கள் இணையதளத்தில் இலவசமாகவே வைத்திருக்கின்றன. ஹெச்.பி.யில் அதற்கு யுனிவர்சல் பிரின்ட் டிரைவர் என்று பெயர், கேனனில் ஜெனரிக் பிளஸ், ஜெராக்ஸில் குளோபல் பிரின்ட் டிரைவர். ரிக்கோ, லெக்ஸ்மார்க், பிரதர் ஆகியவற்றிலும் உண்டு.

ஆனால் 'யுனிவர்சல்' என்ற சொல்லை அப்படியே நம்பிவிடக் கூடாது. எல்லா மிஷினுக்கும் பொருந்தும் என்று அதற்குப் பொருள் இல்லை. ஒரு பாஷையைப் பேசுகிற மிஷின்களுக்கெல்லாம் பொருந்தும், அவ்வளவுதான். டிரைவர் வேலை துபாஷி வேலை. வேர்டோ டேலியோ 'இந்த எழுத்தை இந்த இடத்தில் போடு' என்று சொல்வதை மிஷினின் பாஷைக்கு மாற்றித் தருகிறது. ஆபீஸ் மிஷின்களில் அதிகம் புழங்கும் பாஷைகள் இரண்டு. ஒன்று ஹெச்.பி. உண்டாக்கிய பி.சி.எல்., மற்றது அடோபி உண்டாக்கிய போஸ்ட்ஸ்கிரிப்ட். பொது டிரைவர் என்பது இதில் ஒன்றைப் பேசிக்கொண்டு, 'உனக்கு எத்தனை டிரே? இரண்டு பக்கம் அடிப்பாயா?' என்று மிஷினிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளும் டிரைவர்.

இந்த இரண்டும் தெரியாத மிஷின்கள் நம் ஊரில் ஏராளம். ஹெச்.பி. லேசர்ஜெட் 1020, எம்1005, கேனன் எல்.பி.பி. 2900 ஆகியவை சேலத்தில் தெருவுக்குத் தெரு ஓடுகின்றன. மலிவாக விற்க வேண்டும் என்பதற்காக, பக்கத்தைப் படமாக்கும் வேலையைக் கம்ப்யூட்டர் தலையில் கட்டிவிட்ட மாடல்கள் இவை. 1020-க்கு அதன் உள்மென்பொருளையே, ஒவ்வொரு முறை ஸ்விட்ச் போடும்போதும், அதன் டிரைவர்தான் அனுப்பி வைக்கிறது. அந்த டிரைவரை எடுத்துவிட்டால் அது வெறும் பெட்டி. இவற்றில் பொது டிரைவர் வேலை செய்யாது. இவற்றை அவற்றின் சொந்த டிரைவரோடு அப்படியே விட்டுவிடுங்கள். லாரி புக்கிங் ஆபீஸில் கார்பன் வைத்து அடிக்கும் டாட் மேட்ரிக்ஸும், கொலுசுக் கடையில் டேக் ஒட்டும் லேபிள் பிரின்டரும் இந்தக் கணக்கில் வராது. அவற்றின் பாஷை வேறு.

ஆக, முதல் வேலை கணக்கெடுப்பு. ஒவ்வொரு மிஷினின் மாடல் எண்ணையும் எழுதி, அதன் விவரக் குறிப்பில் 'பிரின்டர் லாங்குவேஜ்' என்ற வரியைப் பாருங்கள். பி.சி.எல். 6 என்றோ போஸ்ட்ஸ்கிரிப்ட் 3 என்றோ இருந்தால் சேரும். 'ஹோஸ்ட் பேஸ்டு' என்றோ, கேனனில் 'கேப்ட்' என்றோ இருந்தால் சேராது. மிஷினுக்கு நெட்வொர்க் இருந்தால் அதன் ஐ.பி. முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் அதன் கதவு எண்ணை, பிரவுசரில் அடித்தாலே அதன் சொந்தப் பக்கம் திறக்கும். பாதி விவரம் அங்கேயே கிடைத்துவிடும்.

பி.சி.எல்., போஸ்ட்ஸ்கிரிப்ட் இரண்டும் தெரிந்த மிஷின் என்றால் எதைப் போடுவது? பில், கடிதம், எக்ஸெல் தாள் அடிக்கிற ஆபீஸுக்கு பி.சி.எல். 6 போதும், வேகமும் அதில்தான். நோட்டீஸ், அழைப்பிதழ், டிசைன் பி.டி.எஃப். என்று புழங்குகிற இடத்துக்கு போஸ்ட்ஸ்கிரிப்ட்.

அடுத்து அந்த ஐ.பி. முகவரி. டிரைவரைக் குறை சொல்லும் புகார்களில் பெரும்பங்கு உண்மையில் முகவரிப் புகார்கள். ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் ஆபீஸ் என்று வையுங்கள். இடி மழையில் கரண்ட் போய் வரும், ரவுட்டர் புதிதாகக் கிளம்பும், நேற்று முகவரியின் கடைசி எண் 105 என்று இருந்த பிரின்டருக்கு இன்று 108 என்று கொடுத்துவிடும். கம்ப்யூட்டர் பழைய வாசலிலேயே போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். திரையில் 'ஆஃப்லைன்' என்று வரும். அதனால் ஒவ்வொரு பிரின்டருக்கும் மாறாத முகவரி கொடுங்கள். ரவுட்டர் 192.168.1.100 முதல் 199 வரை தானாகப் பகிர்கிறது என்றால், பிரின்டர்களை 21, 22, 23 என்று அந்த எல்லைக்கு வெளியே வையுங்கள். வைத்த எண்ணை ஒரு ஸ்டிக்கரில் எழுதி மிஷின் நெற்றியில் ஒட்டுங்கள். மற்ற எல்லாவற்றையும்விட அந்த ஸ்டிக்கர்தான் பின்னால் அதிகம் உதவும்.

இனி டிரைவர் போடும் முறை. பேனா இருந்தால் குறித்துக்கொள்ளலாம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஏறக்குறைய இதே வழிதான்.

பிரின்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ் பக்கத்தில் 'ஆட் டிவைஸ்' அழுத்துங்கள். அது தானாக எதையாவது கண்டுபிடித்துக் காட்டும். அதைத் தொடாதீர்கள். தொட்டால் பல நேரம் டபிள்யூ.எஸ்.டி. என்ற வகைப் போர்ட் (பிரின்டருக்கு வேலை போகும் வழி) விழும். அது ஒரு நாள் ஓடும், மறுநாள் படுத்துக்கொள்ளும். கொஞ்சம் காத்திருந்தால் 'நான் தேடும் பிரின்டர் இதில் இல்லை' என்ற பொருளில் ஒரு வரி வரும். அதன் வழியாகப் போய், ஐ.பி. முகவரி மூலம் சேர்ப்பதைத் தேர்ந்தெடுத்து, டிவைஸ் டைப் என்ற இடத்தில் 'டி.சி.பி./ஐ.பி. டிவைஸ்' என்று வையுங்கள். முகவரியை அடியுங்கள். கீழே, பிரின்டரைக் கேட்டு டிரைவரைத் தானாக எடுக்கட்டுமா என்று ஒரு டிக் இருக்கும். அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். பிறகு 'ஹாவ் டிஸ்க்' அழுத்தி, நீங்கள் டவுன்லோட் செய்து விரித்து வைத்த பொது டிரைவர் போல்டரைக் காட்டுங்கள். வேலை 9100 என்ற போர்ட் வழியாகப் போகும்.

இரண்டாவது பிரின்டருக்கு இதே வழியில் போகும்போது, 'ஏற்கெனவே இருக்கும் டிரைவரையே பயன்படுத்து' என்று ஒரு கேள்வி வரும். ஆமாம் என்று சொல்லுங்கள். நாம் பட்ட பாடெல்லாம் அந்த ஒரு கேள்விக்காகத்தான். டிரைவர் ஒன்று, ஆனால் பட்டியலில் பிரின்டர் நான்கு. 'கணக்கு', 'முதலாளி அறை', 'வராந்தா' என்று இடத்தின் பெயரையே வையுங்கள். சில கம்பெனி டிரைவர்களில் ஒரே ஐகானை வைத்துக்கொண்டு, அடிக்கும்போதெல்லாம் எந்த மிஷின் என்று தேடித் தேர்ந்தெடுக்கும் முறையும் உண்டு. ஊர் ஊராக லேப்டாப்போடு போகிறவருக்கு அது சரி. ஒரே மேஜையில் உட்கார்ந்து நாளுக்கு இருநூறு பில் அடிக்கிறவருக்கு அது தொல்லை. முதலாளியின் சம்பளப் பட்டியல் வராந்தா மிஷினில் வந்து விழுவதும் அந்த முறையில்தான்.

போட்ட உடனே வருகிற முதல் புகார், 'பழைய டிரைவரில் இரண்டு பக்கமும் அடித்தது, இதில் அந்த ஆப்ஷனே இல்லை' என்பது. பிரின்டர் ஸ்லீப்பில் இருக்கும்போது டிரைவர் போட்டிருப்பீர்கள். அது கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை. பதில் வராவிட்டால் பொது டிரைவர், மிஷினில் எதுவுமே இல்லை, ஒரே டிரே, ஒரே பக்கம் என்று எடுத்துக்கொள்ளும். மிஷினில் ஒரு பட்டனைத் தட்டி எழுப்பிவிட்டு, பிரின்டர் பிராபர்ட்டீஸில் 'டிவைஸ் செட்டிங்ஸ்' டேபுக்குப் போங்கள். ஹெச்.பி. டிரைவரில் அங்கே ஆட்டோமேட்டிக் கான்பிகரேஷன் வரியில் 'அப்டேட் நவ்' கொடுத்தால் டிரேயும், டூப்ளெக்ஸ் என்கிற இரண்டு பக்க அச்சும் வந்துவிடும். அப்படியும் வராவிட்டால் அதே டேபில் டூப்ளெக்ஸ் யூனிட்டுக்கு நேராக 'இன்ஸ்டால்டு' என்று கையால் வைக்கலாம்.

இரண்டாவது புகார், ஆரஞ்சு விளக்கு எரிந்துகொண்டு மிஷின் சும்மா நிற்பது. திரையில் 'லெட்டர்' அளவு பேப்பர் வை என்று கேட்கும். டிரேயில் இருப்பதோ ஏ4. அமெரிக்க அளவான லெட்டர் எட்டரை அங்குலத்துக்குப் பதினொன்று, நம்முடைய ஏ4 210-க்கு 297 மில்லிமீட்டர். விண்டோஸில் ஊர் அமைப்பு அமெரிக்கா என்று இருந்தால் பொது டிரைவர் லெட்டரில்தான் பிறக்கும். இதை மாற்றும் இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். 'பிரின்டிங் பிரிஃபரன்சஸ்' பக்கத்தில் மாற்றினால் அந்த ஒரு ஆளின் லாகினுக்கு மட்டும் மாறும். பிராபர்ட்டீஸில் 'அட்வான்ஸ்டு' டேபுக்குள் 'பிரின்டிங் டிஃபால்ட்ஸ்' என்று ஒன்று உண்டு. அங்கே ஏ4 வைத்தால் அந்தக் கம்ப்யூட்டரில் எல்லோருக்கும் ஏ4. கூடவே, 'டிஃபால்ட் பிரின்டரை விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும்' என்ற டிக்கையும் எடுத்துவிடுங்கள். அது இருக்கும்வரை கடைசியாக எதில் அடித்தீர்களோ அதையே முதலில் வைத்துக்கொண்டிருக்கும்.

மிஷின் நன்றாகவே இருக்கிறது, பிரவுசரிலும் அதன் பக்கம் திறக்கிறது, ஆனால் ஐகான் மட்டும் வெளிறிப்போய் ஆஃப்லைன் என்கிறதா? போர்ட்ஸ் டேபில் 'கான்பிகர் போர்ட்' திறந்து, 'எஸ்.என்.எம்.பி. ஸ்டேட்டஸ் எனேபிள்டு' என்ற டிக்கை எடுத்துப் பாருங்கள். நிலை விசாரிக்கிற கேள்விக்குப் பதில் வராததால் மிஷினே இல்லை என்று விண்டோஸ் முடிவு கட்டியிருக்கும்.

இனி, பார்த்தாலே பதறுகிற ஒன்று. பிரின்ட் கொடுத்தால் தாள் தாளாகக் கொட்டுகிறது. சதவீதக் குறி, ஆச்சரியக் குறி, அப்புறம் 'பி.எஸ். அடோபி' என்று ஆரம்பித்து புரியாத ஆங்கில வரிகள். போஸ்ட்ஸ்கிரிப்ட் தெரியாத மிஷினுக்கு போஸ்ட்ஸ்கிரிப்ட் டிரைவர் போட்டிருக்கிறீர்கள். கட்டளையைக் கடிதம் என்று நினைத்து அது அடித்துத் தள்ளுகிறது. பயந்துபோய் மிஷினை அணைத்தால், போட்டதும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும், ஏனென்றால் வேலை இருப்பது கம்ப்யூட்டரில். முதலில் டிரேயை உருவுங்கள், பேப்பராவது மிஞ்சும். பிறகு கம்ப்யூட்டரில் சர்வீசஸ் திறந்து 'பிரின்ட் ஸ்பூலர்' என்பதை, அதாவது பிரின்ட் வேலைகளை வரிசையில் வைத்து அனுப்புகிற சர்வீஸை, நிறுத்துங்கள். விண்டோஸ் போல்டர், அதற்குள் சிஸ்டம் 32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரின்டர்ஸ். அந்தக் கடைசிப் போல்டரில் உள்ள பைல்களை மட்டும் அழித்து, ஸ்பூலரை மறுபடி ஓட விடுங்கள். அதற்குப் பிறகுதான் மிஷினை அணைத்துப் போட வேண்டும்.

சில பி.டி.எஃப். மட்டும் அடிக்க மறுத்து, ஒரே தாளில் 'பி.சி.எல். எக்ஸ்.எல். எரர்' என்று நான்கைந்து வரி வந்தால், அந்தப் பைலில் உள்ள எழுத்துருவையோ படத்தையோ மிஷினால் ஜீரணிக்க முடியவில்லை என்று பொருள். அக்ரோபாட் ரீடரில் பிரின்ட் பெட்டியில் 'அட்வான்ஸ்டு' போய் 'பிரின்ட் ஆஸ் இமேஜ்' டிக் செய்து அடியுங்கள், வந்துவிடும். திரையில் சரியாகத் தெரியும் தமிழில் கொம்பும் காலும் தாளில் இடம் மாறினாலும் இதே வைத்தியம்தான். ஆனால் பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கடிதம் திரையிலேயே ஆங்கில எழுத்தாகத் தெரிந்தால் டிரைவர் மேல் பழி போடாதீர்கள். அந்தக் கம்ப்யூட்டரில் எழுத்துரு இல்லை.

ஏற்காட்டுக்காரர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. பனிமூட்ட மாதங்களில் பிரித்து வைத்த பேப்பர் கட்டு ஈரம் குடித்துச் சுருளும். அதில் ஜாம் ஆவதற்கு எந்த டிரைவரும் பொறுப்பல்ல. அன்றைக்கு வேண்டியதை மட்டும் டிரேயில் வைத்து, மீதியை உறையோடு அலமாரியில் பூட்டுங்கள்.

பொது டிரைவரில் இழப்பு இல்லாமல் இல்லை. டோனர் எவ்வளவு மிச்சம் என்று படம் போட்டுக் காட்டும் வசதி போகலாம். ஸ்டேப்ளர், பாஸ்வேர்டு போட்டு எடுக்கும் பிரின்ட் போன்றவை வேறு கம்பெனி மிஷினுக்கு இந்த டிரைவரைப் போட்டால் பெரும்பாலும் கிடைக்காது. ஆகவே கம்பெனிக்கு ஒரு பொது டிரைவர் என்று வைத்துக்கொள்வதே நல்லது. ஸ்கேனர் இதில் சேர்த்தியே இல்லை. ஆல்-இன்-ஒன் மிஷினில் பழைய மென்பொருளை முழுதாக எடுத்துவிட்டு பொது டிரைவர் போட்டால் பிரின்ட் வரும், ஸ்கேன் போய்விடும். ஸ்கேன் மென்பொருளைத் தனியாகப் போட்டாக வேண்டும்.

புதுப்பிப்பது பற்றியும் சொல்ல வேண்டும். 2021 ஜூலையில் பிரின்ட்நைட்மேர் என்று பெயர் வாங்கிய பாதுகாப்பு ஓட்டை விண்டோஸின் ஸ்பூலரில் வெளிப்பட்டது. அடுத்த மாத அப்டேட்டிலிருந்து, சர்வரில் பகிர்ந்த பிரின்டரின் டிரைவரைப் போட அட்மின் பாஸ்வேர்டு கட்டாயமானது. டிரைவர் எண்ணிக்கை குறைந்தால் அந்தத் தொல்லையும் குறையும். 2023 செப்டம்பரில், கம்பெனி டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியே தருவதைப் படிப்படியாக நிறுத்துவதாக மைக்ரோசாப்ட் அறிவித்தது. அவர்கள் கைகாட்டுவது ஐ.பி.பி. கிளாஸ் டிரைவர் என்ற அவர்களுடைய பொது டிரைவரை. இனி புது மிஷின் வாங்கும்போது 'மோப்ரியா' முத்திரை இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். இருந்தால் அது அந்த டிரைவரிலேயே ஓடும், ஆண்ட்ராய்டு போனிலிருந்தும் அடிக்கலாம்.

ஒரே டிரைவர் என்றால், அதன் புது வெர்ஷனில் கோளாறு இருந்தால் எல்லா பிரின்டரும் ஒரே நாளில் படுக்கும். புதியதை முதலில் ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் போட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள். பழைய வெர்ஷனின் இன்ஸ்டால் பைலை அழிக்காமல் பென் டிரைவில் வைத்திருங்கள். எல்லாம் சரியான பிறகு, இனி வேண்டாத பழைய டிரைவர்களை எடுத்துவிட வழி: பிரின்ட் சர்வர் பிராபர்ட்டீஸ், டிரைவர்ஸ் டேப், 'ரிமூவ் டிரைவர் அண்ட் டிரைவர் பேக்கேஜ்'. 'இன் யூஸ்' என்று அடம்பிடித்தால் ஸ்பூலரை ஒரு தடவை நிறுத்தி ஓட விட்டு, யாரும் பிரின்ட் கொடுப்பதற்குள் உடனே அழித்துவிடுங்கள். அந்த 1020-இன் டிரைவரை மட்டும் தொடாதீர்கள்.

வணக்கம்.