கப்பல் ஆறுதலாக வந்தால் சாமான் பிந்துமா?

சாவகச்சேரியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "புகையைக் குறைக்கச் சரக்குக் கப்பல்கள் மெதுவாக ஓடவேண்டும் என்கிறீர்கள். அப்படி ஓடினால் சாமான் பிந்தாதா? விலை எங்கள் தலையில்தானே விழும்?"

கேட்கவேண்டிய கேள்விதான். கப்பல் தன் வேகத்தை 10 வீதம் குறைத்தால், அதே தூரத்துக்கு எரிபொருள் ஏறக்குறைய 20 வீதம் மிச்சம். எதிர்காற்றில் பண்ணைப் பாலத்தால் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கொஞ்சம் விசையைக் கூட்டினாலே மூச்சு வாங்கும்.

சரி, பிந்தாதா? பல கப்பல்கள் விழுந்தடித்து ஓடிவந்து, துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டுக் காத்துக் கிடக்கின்றன. இறங்குதுறை எப்போது காலியாகும் என்று முன்கூட்டியே தெரிந்தால் ஆறுதலாக வந்து நேரே கட்டலாம். சாமான் அதே நாளில்தான் இறங்கும். பிறகேன் ஓடுகிறார்கள்? பழைய பாணி வாடகை ஒப்பந்தம் "தாமதிக்காமல் போ" என்கிறது. போய்க் காத்திருந்தால் தாமதக் காசும் கிடைக்கும். இயந்திரத்தைவிட இந்தத் தாளை மாற்றுவதுதான் கஷ்டம் என்பது என் எண்ணம்.

ஆனால் பாதை அடைபட்டால் இந்தக் கணக்கெல்லாம் குழம்பிவிடும். 2023 கடைசியில் செங்கடலில் தாக்குதல் தொடங்கியதும் கப்பல்கள் ஆபிரிக்காவைச் சுற்றின. ஐரோப்பாவுக்குப் பத்து நாளளவு கூடுதல். அந்த நாட்களைப் பிடிக்க வேகத்தையும் கூட்டினார்கள், புகையும் கூடியது. மாற்றுப்பாதை இல்லாத ஊர் எப்படியிருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். 2006 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்துக்கு வரும் ஏ9 தரைப்பாதையைப் பூட்டியபிறகு, "கப்பல் வந்திட்டுதாம்" என்ற கதை கேட்டாலே சங்கக் கடை வாசலில் சீனிக்கு வரிசை. அம்மா பையைத் தந்து என்னை முன்னுக்கு அனுப்பிவிடுவா.

இனி விலை. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறை ஏறத்தாழ 110 கிலோமீற்றர். 2023 ஒக்ரோபரில் பயணிகள் கப்பல்கூட ஓடத் தொடங்கியது. எங்கள் கடைச் சாமானோ பெரும்பாலும் கொழும்பில் இறங்கி, 400 கிலோமீற்றர் லொறியில் வருகிறது. கப்பல் மெதுவாக வந்ததற்காக நீங்கள் கொடுப்பது சில்லறை. இந்த லொறி டீசல்தான் காசு. திரும்பிப் போகும்போது வெங்காயமோ பீற்றூட்டோ ஏறினால் வாடகை இரண்டு பக்கமும் பங்குபடும். வெறும் லொறியாகப் போனால் போகவர டீசலும் நீங்கள் வாங்குகிற மா, சீனியில்தான்.