ப்ளூவுக்கு எந்த மரம், ஸ்டெயின்லெஸ்ஸுக்கு எந்த மரம்? ரிவால்வர் கிரிப் பத்தி ஒரு கேள்வி

வணக்கம், வணக்கம். இந்த வாரம் கேள்வி நிறைய வந்திருக்கு, ஆனா நான் ஒண்ணே ஒண்ணுதான் எடுக்கப்போறேன், ஏன்னா அதைப் படிச்சதுல இருந்து எனக்கு அந்த நினைப்பாவே இருக்கு. டெக்ஸஸ்ல இருந்து ஒரு தம்பி எழுதியிருக்காரு. "அண்ணே, என்கிட்ட ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர் ரெண்டு இருக்கு, ஒண்ணு பழைய மாடல் 19, ப்ளூ ஃபினிஷ், இன்னொண்ணு 686, ஸ்டெயின்லெஸ். ரெண்டுலயும் ரப்பர் கிரிப்தான், அதான் கைப்பிடி, கிடக்கு. நல்ல மரத்துல செஞ்சு போடலாம்னு ஆசை. ஒரே கட்டைல ரெண்டு ஜோடி எடுத்தா ரெண்டுக்கும் பொருந்துமா, இல்ல ஃபினிஷுக்குத் தகுந்த மாதிரி வேற வேற மரம் வேணுமா?"

ரொம்ப நல்ல கேள்வி தம்பி. நம்ம வீடியோ வழக்கமா பாக்குறவங்களுக்கு நான் என்ன சொல்லப்போறேன்னு இப்பவே தெரிஞ்சிருக்கும், வால்நட் வீடியோலயும் சொன்னேன், கத்திப் பிடி வீடியோலயும் சொன்னேன், மறுபடியும் சொல்றேன். கடைல இன்னிக்கு என்ன கலர்ல இருக்குன்னு பாத்து மரம் வாங்காதீங்க. அஞ்சு வருஷம் கழிச்சு அந்த மரம் என்ன கலர்ல இருக்கும், அந்த இரும்பு எப்படி இருக்கும், ரெண்டையும் சேத்து யோசிச்சு வாங்குங்க.

ஏன் சொல்றேன்னா, ஃபினிஷ்னு நாம பொதுவா சொல்றோமே, அது ஒவ்வொண்ணும் வேற வேற சங்கதி. ப்ளூயிங்கிறது பெயின்ட் கிடையாது. சூடான காரக் கரைசல்ல இரும்பை முக்கி, அதோட மேல்தோலையே கருப்பு ஆக்ஸைடா மாத்துறாங்க. அது ரொம்ப மெல்லிசு, அதனால தேயும். ஹோல்ஸ்டர்ல, அதாவது துப்பாக்கி உறைல, போட்டு போட்டு எடுத்தா பேரல் நுனில, சிலிண்டரோட முன் விளிம்புல எல்லாம் வெள்ளை இரும்பு தெரிய ஆரம்பிக்கும், உள்ளங்கை வேர்வை படுற பின்பக்கத்துல கருப்பு மாறி பழுப்பு தட்டும். ஸ்டெயின்லெஸ் அப்படி இல்ல, மேல பூச்சுன்னே ஒண்ணும் கிடையாது, உள்ளயும் வெளியயும் ஒரே உலோகம், கீறல் விழுந்தாலும் தேச்சு எடுத்துடலாம், இருபது வருஷம் ஆனாலும் அதே சாம்பல் வெள்ளைதான். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1965ல மாடல் 60னு முதல் ஸ்டெயின்லெஸ் ரிவால்வர் கொண்டு வந்தப்போ துரு பிடிக்காதுங்கிறதுக்காகத்தான் ஜனங்க வாங்கினாங்க, ஆனா கிரிப் செய்றவங்களுக்கு அது வேற ஒரு விஷயமாவும் ஆச்சு, இரும்பு வயசாகாது, மரம் மட்டும் வயசாகும்.

அப்போ தம்பியோட 19 இருக்கே, அது வயசாகுற துப்பாக்கி. அதுக்கு கூடவே வயசாகுற மரம் போடணும். என்னைக் கேட்டா வால்நட், அமெரிக்கன் ப்ளாக் வால்நட், வேற யோசனையே வேண்டாம். வெளிச்சத்துல வருஷக்கணக்கா இருந்தா கொஞ்சம் வெளுத்துத் தேன் கலருக்குப் போகும், அதே சமயம் கை படுற இடத்துல எண்ணெயும் வேர்வையும் ஊறிக் கருக்கும், அந்த ஏத்த இறக்கமும் தேஞ்ச ப்ளூவும் பக்கத்துல பக்கத்துல நிக்கிறப்போ ரெண்டும் ஒண்ணா பொறந்த மாதிரி இருக்கும். பழைய போலீஸ்காரங்க வச்சிருந்த ரிவால்வர் படம் எடுத்துப் பாருங்க, நான் சொல்றது புரியும்.

19க்கு இன்னொரு மரமும் ஞாயமானது, கொன்சாலோ ஆல்வெஸ். பிரேசில் பக்கத்து மரம், செம்பழுப்புல கருப்பு வரி ஓடும். இந்த மாடல் 1955ல காம்பாட் மேக்னம்ங்கிற பேர்ல வந்துச்சு, அமெரிக்க எல்லைக் காவல் படையான பார்டர் பேட்ரோல்ல இருந்த பில் ஜோர்டான் சொல்லித்தான் அதைச் செஞ்சாங்க, 19ங்கிற நம்பர் 1957ல வந்தது. அந்தக் காலத்துக்கு அப்புறம் அறுபது எழுபதுகள்ல அந்தக் கம்பெனியோட பெரிய டார்கெட் கிரிப் நிறைய இந்த கொன்சாலோ ஆல்வெஸ்லதான் வந்துச்சு. அதனால பழைய 19ல அது உக்காந்தா கண்ணுக்கு அந்நியமா தெரியாது.

ப்ளூ ரிவால்வருக்கு நான் போடவே மாட்டேங்கிறது கருங்காலி, எபனி. தனியா பாத்தா என்ன அழகு அது, ஆனா கருப்பு இரும்புல கருப்பு மரம் வச்சா கைப்பிடி எங்க முடியுது, துப்பாக்கியோட உடம்பு, அதான் ஃப்ரேம், எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியாது. அதே எபனிய நிக்கல் ஃபினிஷ்ல வச்சுப் பாருங்க, கல்யாணத்துக்கு கோட் போட்டு நிக்கிற ஆள் மாதிரி நிக்கும்! நிக்கல் ஒரு விஷயம் கவனிக்கணும், அது சுத்த வெள்ளை இல்ல, லேசா மஞ்சள் கலந்த வெள்ளை, க்ரோம்தான் நீலம் கலந்த வெள்ளை. அதனால நிக்கலுக்கு செம்பழுப்பு, கருஞ்சிவப்பு மரங்கள் ஒத்துப்போகும். ஆனா கண்ணாடி மாதிரி மினுங்குற இரும்பு, அது மேல என்கிரேவிங் வேற, அதுக்கு மேல வரி வரியா துள்ளுற மரம் வேறன்னு போனா கண்ணு எங்கயும் நிக்காது. இரும்பு பேசினா மரம் சும்மா இருக்கணும், இரும்பு சும்மா இருந்தா மரம் பேசலாம்.

கேஸ் ஹார்டனிங், அதாவது இரும்போட மேல்தோலை மட்டும் கடினமாக்குற வேலை, அது பண்ண ஃப்ரேமுக்கும் இதேதான். 1873ல வந்த கோல்ட் சிங்கிள் ஆக்ஷன் ஆர்மி தெரியும்ல, அந்த ஃப்ரேம்ல நீலம், வைக்கோல் மஞ்சள், பழுப்பு எல்லாம் மேகம் மாதிரி கலைஞ்சு கிடக்கும். எலும்புக் கரியும் மரக்கரியும் சுத்தி அடைச்சு, பழுக்கக் காய்ச்சி, தண்ணில போடுறதுல வர்ற கலர் அது. அந்த ஃப்ரேமே ஒரு சித்திரம், அதுக்கு நேர் ரேகை ஓடுற சாதா வால்நட் போதும். அந்தக் கலரும் வெயில்ல, கை பட்டுப் பட்டு மங்கிச் சாம்பலாகும், அதையும் கணக்குல வச்சுக்கோங்க, மங்கினப்புறமும் வால்நட் நல்லாத்தான் இருக்கும்.

இங்க ஒரு விஷயம், தம்பி, உங்க 19ஐ எடுத்து ஹேமரையும் ட்ரிகரையும் பாருங்க. அது ரெண்டும் ப்ளூ கிடையாது, அதுவும் கேஸ் ஹார்டனிங் பண்ணது, பழுப்பும் சாம்பலும் கலந்து இருக்கும். மரத்தோட கலரை நான் அங்கேருந்துதான் எடுப்பேன், பேரல்ல இருந்து எடுக்க மாட்டேன். அந்தப் பழுப்புக்குப் பக்கத்துல வர்ற மரம் வச்சுட்டா முழு துப்பாக்கியும் ஒண்ணு சேந்துடும். கிரிப்ல இருக்குற வட்ட மெடலும் ஸ்க்ரூவும் கூட அப்படித்தான், ஸ்டெயின்லெஸ் துப்பாக்கில வெள்ளி கலர் மெடல், வெள்ளி கலர் ஸ்க்ரூ. அதுல பித்தளை ஸ்க்ரூ ஒண்ணு வந்தா அது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும்.

சரி, 686க்கு வரேன். அது மங்கலான சாம்பல், மேட் மாதிரி. இரும்பு சும்மா இருக்கு, அதனால மரம் பேசலாம். கோகோபோலோ, தோதகத்தி, டெசர்ட் அயர்ன்வுட், எல்லாம் நல்லா எடுத்துக் காட்டும். வெளுத்த மேப்பிள் மட்டும் சாயம் ஏத்தாம வச்சீங்கன்னா வெள்ளைக்கு வெள்ளை, சோகை பிடிச்ச மாதிரி போயிடும்.

ஆனா மறுபடியும் அந்த அஞ்சு வருஷம். எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர், நல்ல கலைக்கண்ணு உள்ளவர், ஸ்டெயின்லெஸ் ரிவால்வருக்கு படாக் மரத்துல ஒரு ஜோடி செய்யச் சொல்லி வாங்கினாரு. வாங்கின அன்னிக்கு கனல் மாதிரி ஆரஞ்சு, அந்த வெள்ளை இரும்புல அப்படி ஒரு எடுப்பு. ஜன்னலோரம் கண்ணாடிப் பெட்டில வச்சிருந்தாரு. ரெண்டு வருஷத்துல அது சாதா பழுப்பு. வித்தவங்க சொல்லவே இல்லையேன்னு அவருக்கு வருத்தம். படாக் எப்பவுமே அப்படித்தான், வெளிச்சம் பட்டா ஆரஞ்சு போயிடும். பர்ப்பிள்ஹார்ட்டும் அந்த ஊதாவுக்காக வாங்குவாங்க, அதுவும் பழுப்புக்குத்தான் போகும். கோகோபோலோ அறுத்த அன்னிக்கு ஆரஞ்சும் சிவப்புமா பளீர்னு இருக்கும், போகப் போக கருஞ்சிவப்பா இறங்கும், ஆனா இறங்கினப்புறமும் அழகா இருக்குற மரம் அது, அதனால தைரியமா போடலாம். மரம் அசையவே கூடாதுன்னு பிடிவாதமா இருந்தா வாக்குவம்ல பிசின் ஏத்தின ஸ்டெபிலைஸ்டு கட்டை இருக்கு, அது ஈரத்துல உப்பாது, சுருங்காது, சாயமும் ஏத்திக்கலாம். ஆனா அதைப் பிடிச்சா கைக்கு மரம் பிடிச்ச உணர்வு குறைச்சல், எனக்கு அது மனசுக்கு ஒட்டல.

தோதகத்தின்னு சொன்னேன்ல, ஈட்டி மரம்னும் சொல்வாங்க, உலகம் முழுக்க கிரிப் செய்றவங்க இந்தியன் ரோஸ்வுட்னு தேடித் தேடி வாங்குறது நம்ம நீலகிரி, ஆனைமலை காட்டு மரம்தான். கூடலூர் பக்கம் பழைய வீடுகள்ல ஈட்டிக் கட்டில், ஈட்டி அலமாரி பாத்தவங்களுக்குத் தெரியும், வைரம் பாஞ்ச கட்டை, ஊதா கலந்த பழுப்பு, தட்டினா கணீர்னு ஒரு சத்தம். நம்ம ஊர்ல பட்டா நிலத்துல நின்னாலும் இஷ்டத்துக்கு வெட்டக்கூடாதுன்னு 1994லயே தனிச் சட்டம் போட்டாங்க. 2017 ஜனவரில இருந்து ஈட்டி சேர்ந்த இந்த டால்பெர்ஜியா குடும்பம் மொத்தமும் சைட்டிஸ், அதாவது அழியுற உயிரினங்களோட வியாபாரத்தைக் கட்டுப்படுத்துற சர்வதேச ஒப்பந்தம், அதோட பட்டியல்ல வந்துடுச்சு, கோகோபோலோவும் அதே குடும்பம்தான், அதனால கட்டையா நாடு விட்டு நாடு போறப்போ பேப்பர் கேப்பாங்க. தம்பி, எவ்வளவு விலைன்னு கேக்குறதுக்கு முன்னாடி இந்தக் கட்டை எங்கேருந்து வந்துச்சு, பேப்பர் இருக்கான்னு கேளுங்க. பழைய கட்டில் கால், உடைஞ்ச மேஜை, இப்படி மறுபடி எடுத்த மரத்துல செஞ்சு தர்றவங்க இருக்காங்க, எனக்கு அவங்க மேல தனி மரியாதை. ஒரு கிரிப்புக்கு வேண்டியது கையளவு கட்டை, அதுக்காகப் புதுசா ஒரு மரம் சாய வேண்டியதில்ல.

ஒரே கட்டைல ரெண்டு ஜோடி எடுக்கலாமான்னு கேட்டாருல்ல. எடுக்கலாம், அதுக்கு முன்மாதிரியே இருக்கு. ரெண்டாம் உலகப்போர்ல பேர் வாங்கின அமெரிக்க ஜெனரல் பேட்டன் 1916ல டெக்ஸஸ் எல் பாசோல ஒரு கோல்ட் சிங்கிள் ஆக்ஷன் வாங்கினாரு, வெள்ளி முலாம் போட்டது. அப்புறம் 1935ல ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் .357 மேக்னம் ஒண்ணு, அது ப்ளூ. ரெண்டுக்கும் தந்தத்துலதான் கிரிப். வெள்ளிலயும் நின்னுச்சு, கருப்புலயும் நின்னுச்சு, ஏன்னா தந்தத்துல ரேகை ஆர்ப்பாட்டம் கிடையாது. தந்தம் இப்ப தொடவே கூடாது, நான் சொல்ல வந்தது அமைதியான பொருளா இருந்தா ரெண்டு ஃபினிஷுக்கும் பொதுவா நிக்கும்கிறது. மரத்துல அந்த இடத்துக்கு வர்றது நேர் ரேகை வால்நட். துள்ளுற மரத்தை ரெண்டுக்கும் போட்டா ஏதோ ஒண்ணுல இடிக்கும்.

கம்பெனி ஃப்ரேம் அளவுக்கு எழுத்து வச்சிருக்கு, 19 கே ஃப்ரேம், 686 எல் ஃப்ரேம், ஆனாலும் கிரிப் உக்காருற பாகம் ரெண்டுக்கும் ஒரே அளவுதான். ஆனா கைப்பிடியோட அடிப்பாகம் சதுரமா (ஸ்கொயர் பட்) இல்ல உருண்டையா (ரவுண்ட் பட்) இருக்கான்னு பாருங்க, 686ல ரெண்டும் வந்திருக்கு, பாக்காம ஆர்டர் குடுத்துடாதீங்க.

கலரைப் பத்தியே இவ்வளவு பேசிட்டேன், ஆனா எனக்கு ஆசை என்னன்னா இந்தக் கேள்விக்கு முன்னாடி ரேகை எந்தப் பக்கம் ஓடுதுன்னு யாராவது கேக்கணும். ரேகை கைப்பிடியோட நீளவாக்குல, மேலேருந்து கீழ அந்த வளைவோட சேந்து ஓடணும். குறுக்க ஓடினா எவ்வளவு அழகான கட்டையா இருந்தாலும் ஒரு தடவை தரைல விழுந்தா அடி மூலை சில்லு தெறிச்சுடும். அப்புறம் ரெண்டு பேனலும் அடுத்தடுத்து அறுத்த ரெண்டு பலகைல இருந்து வரணும், புத்தகத்தை விரிச்ச மாதிரி வலதும் இடதும் ஒண்ணுக்கொண்ணு பதில் சொல்லணும். இடது பேனல்ல தோட்டா வெளிய வர்றதுக்கும் ஸ்பீட்லோடர், அதாவது எல்லாத் தோட்டாவையும் ஒரே தடவைல போடுற கருவி, உள்ள வர்றதுக்கும் இடம் விட்டுச் செதுக்கியிருக்காங்களான்னும் பாருங்க. இதெல்லாம் சரியா இருந்தா கலர் கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தாலும் அந்த கிரிப்பை நீங்க கழட்டவே மாட்டீங்க.

கட்டை தேர்ந்தெடுக்கிறப்போ போன் படத்தை நம்பாதீங்க. விக்கிறவங்க நிறைய பேரு கட்டையை நனைச்சுட்டுப் படம் எடுப்பாங்க. நேர்ல போக முடிஞ்சா துப்பாக்கியோட படம் ஒண்ணு கொண்டு போங்க, கட்டைல துளி ஸ்பிரிட் தடவிப் பாருங்க, எண்ணெய் ஏத்தினா என்ன கலர் வரும்னு அந்த நிமிஷமே காட்டிடும். ட்யூப்லைட் அடியில வேண்டாம், பகல் வெளிச்சத்துல பாருங்க. கோகோபோலோ, ஈட்டி மாதிரி எண்ணெய்ப் பசை உள்ள மரத்துல சில ஆயில் ஃபினிஷ் காயவே காயாது, பிசுபிசுன்னு நிக்கும், அதனால செய்றவர் என்ன ஃபினிஷ் குடுக்குறாருன்னு முன்னாடியே பேசிக்கோங்க. வீட்ல நீங்களே உப்புத்தாள் போடுறதா இருந்தா மாஸ்க் கட்டாயம், அந்தத் தூள் தோலுக்கும் ஆகாது, மூச்சுக்கும் ஆகாது. கிரிப்பைத் துப்பாக்கில மாட்டி வச்சுக்கிட்டே தேய்க்காதீங்க, ப்ளூ போயிடும்.

மாத்துறதுக்கு முன்னாடி சிலிண்டரைத் திறந்து காலியா இருக்கான்னு ரெண்டு தடவை பாருங்க, தோட்டாவை வேற ரூம்ல வைங்க. மர கிரிப் இறுக்கமா இருந்தா ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பாதீங்க, ஸ்க்ரூவை ரெண்டு மூணு சுத்து தளர்த்திட்டு அதோட தலைல மெதுவா தட்டினா எதிர்ப்பக்கப் பேனல் தானா எழும்பி வரும்.

அப்போ தம்பிக்கு என் பதில், 19க்கு நேர் ரேகை வால்நட், எண்ணெய் ஃபினிஷ், பளபளா வார்னிஷ் வேண்டாம். 686க்கு பேப்பரோட வர்ற கோகோபோலோ, இல்லன்னா பழைய சாமான்ல இருந்து எடுத்த ஈட்டி. ரெண்டையும் பகல் வெளிச்சத்துல, ஹேமர் நல்லா தெரியுற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்புங்க, 686 அடிப்பாகமும் தெரியட்டும், அதைப் பாத்துட்டு எந்த வடிவம்னு அடுத்த வீடியோல சொல்றேன்.