பிள்ளைக்கு வராத மரபணுவும் வேலை செய்கிறது

வணக்கம் மக்களே! "அப்பா படிச்சவர், பிள்ளையும் நல்லா படிக்குது, எல்லாம் ரத்தத்துல இருக்கு" என்று சொல்வோம் இல்லையா? அதைச் சோதிப்பது லேசான காரியம் இல்லை. மரபணுவைக் கொடுத்ததும் அந்த அப்பாதான், வீட்டில் புத்தகம் வாங்கி வைத்ததும் அவர்தான். எது வேலை செய்தது என்று எப்படிச் சொல்வது?

2018-ல் ஐஸ்லாந்தின் டிகோட் என்ற மரபணு ஆய்வு நிறுவனத்தில் அகஸ்டின் காங் குழுவினர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். இந்தத் துறையில் எனக்கு ரொம்பப் பிடித்த ஆய்வு இது.

கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். ஒவ்வொரு மரபணுவிலும் அம்மாவிடம் இரண்டு பிரதி, அப்பாவிடம் இரண்டு பிரதி. பிள்ளைக்கு ஆளுக்கு ஒன்றுதான் போகும். மீதிப் பாதி பெற்றோரிடமே தங்கிவிடும், பிள்ளையின் உடம்பில் எந்தச் செல்லிலும் அது இருக்காது. சரி, அந்தத் தங்கிப்போன பாதியை மட்டும் எடுத்துக் கணக்குப் போட்டால்?

அதைத்தான் அவர்கள் செய்தார்கள். படிப்போடு தொடர்புள்ள மாறுபாடுகள் டிஎன்ஏ முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன, ஒவ்வொன்றின் பங்கும் துளிதான். எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு மதிப்பெண் கிடைக்கும். 21,637 பேருக்கு, வந்த பாதிக்கு ஒரு மதிப்பெண், வராத பாதிக்கு ஒரு மதிப்பெண் என்று தனித்தனியாகப் போட்டார்கள். எல்லாம் ரத்தம்தான் என்றால் வராத பாதிக்கு விளைவே இருக்கக் கூடாது. ஆனால் இருந்தது! வந்த பாதியின் விளைவில் கிட்டத்தட்ட 30 சதவீதம்.

உடம்பில் இல்லாத மரபணு எப்படிப் படிக்க வைக்கும்? பெற்றோர் வழியாகத்தான். அது அவர்களுடைய படிப்பை, வருமானத்தை, பிள்ளையிடம் பேசும் விதத்தை மாற்றுகிறது. அது வீடாக மாறிப் பிள்ளையைச் சுற்றி நிற்கிறது. ஒரு விஷயம், படித்தவர் படித்தவரையே கட்டிக்கொள்வதும் இந்தக் கணக்கைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும். வரன் பார்க்கும் நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

2020-ல் பிரிட்டனில் இன்னொரு ஆய்வு வந்தது. லட்சக்கணக்கானவர்களின் மரபணு, உடல்நலத் தகவலைச் சேர்த்து வைத்திருக்கும் யுகே பயோபேங்க் தரவில் தத்துப்பிள்ளைகளாக வளர்ந்த 6,311 பேரை எடுத்தார்கள். எத்தனை வருடம் படித்தார்கள் என்பதில் ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தில், பெற்றவர்களிடமே வளர்ந்தவர்களுக்கு இதே மாதிரி மதிப்பெண் 7.4 சதவீதத்தை விளக்கியது. தத்துப்பிள்ளைகளுக்கு 3.7 சதவீதம்தான். சரிபாதி! மரபணுவின் கணக்கில் நாம் எழுதி வைத்ததில் ஒரு பகுதி உண்மையில் வீட்டின் கணக்கு.

இன்னொன்றும் கவனியுங்கள். அந்த ஆய்வில் வீட்டின் பங்கையும் சேர்த்தாலும் 7.4 சதவீதம்தான். ஒரு தனிப் பிள்ளையைப் பற்றி அது சொல்வது ரொம்பக் குறைவு. அதோடு, இந்த மதிப்பெண்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவிலிருந்து செய்தவை, மற்றவர்களிடம் இன்னும் மோசமாகத்தான் வேலை செய்யும். ஆகவே எச்சிலை எடுத்து அனுப்பினால் உங்கள் பிள்ளை டாக்டரா இன்ஜினியரா என்று சொல்கிறோம் என யாராவது வந்தால், "இந்த மதிப்பெண்ணை யாருடைய டிஎன்ஏவை வைத்துச் செய்தீர்கள்?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

இரட்டையர் ஆய்வுகள் பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள், அது அடுத்த வீடியோவில்.