ஷாம்பு புட்டியின் பின்பக்கம்

நேயர்களுக்கு வணக்கம். முடி உதிர்வதைத் தடுக்கும் என்று விற்கப்படும் ஷாம்பு எதை வாங்கினாலும், முன்பக்கத்து வெங்காயப் படத்தை விட்டுவிட்டுப் புட்டியைத் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்துகளைப் படியுங்கள் என்று தோல் மருத்துவனாகிய நான் எப்போதும் வலியுறுத்துவேன். ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ள பொருள்கள் அங்கே அளவின் இறங்குவரிசையில் இருக்கும். முதலில் தண்ணீர், அடுத்து நுரை தரும் சல்பேட்டுகள். முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் மின்னிய பயோட்டின் என்னும் பி வகை வைட்டமின் பெரும்பாலும் கடைசியில், வாசனைப் பொருளுக்கு அருகில்தான் இருக்கும். இரண்டு நிமிடத்தில் அலசிவிடும் பயோட்டின் முடியை வளர்க்கும் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை.

காஃபீன், ஆய்வகத்தில் முடிவேர்களின் வளர்ச்சியைத் தூண்டியது உண்மைதான். ஆனால், காஃபீன் ஷாம்பு ஒன்று முடி உதிர்வைக் குறைக்க உதவும் என்ற விளம்பரத்தை, சான்று போதவில்லை என்று கூறி பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு 2018இல் தடுத்தது.

கீட்டோகோனசோல் சற்று வேறு. பூஞ்சையை ஒடுக்கிப் பொடுகையும் தலைத்தோல் அழற்சியையும் தணிக்கும் இம்மருந்தின் 2 சதவீத ஷாம்பு, வழுக்கை விழும் ஆண்களின் முடி அடர்த்தியைக் கூட்டியதாக பெல்ஜியத்து மருத்துவர்கள் 1998இல் எழுதினார்கள். அது சிறிய ஆய்வு. தேய்த்ததும் அலசாமல் மூன்று முதல் ஐந்து நிமிடம் ஊறவிட்டால்தான் இது வேலை செய்யும்.

நான் அடிக்கடி காணும் ஒரு காட்சியைச் சொல்ல வேண்டும். டெங்கு வந்து தேறிய பெண்ணுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துச் சீப்பு நிறைய முடி வரும். காய்ச்சலை அவர் மறந்திருப்பார். ஷாம்பு மேல் ஷாம்பு மாற்றுவார். பேறுகாலத்துக்குப் பிறகும் இதே கதைதான். உடல் கண்ட அதிர்ச்சியில் ஓய்வுநிலைக்குச் சென்ற முடிகள்தாம் அப்போது உதிர்கின்றன. ஆறு மாதத்துக்குள் அது பெரும்பாலும் தானாகவே நிற்கும். நிற்கும் சமயத்தில் கையில் எந்தப் புட்டி இருந்ததோ, அதற்குப் புகழ் போய்ச் சேரும், அக்கம்பக்கத்தாரும் அதையே வாங்குவார்கள்! ஆகவே, மூன்று மாதத்துக்கு முன் உடலுக்கு என்ன நேர்ந்தது என்று முதலில் எண்ணிப் பாருங்கள். இரும்புச்சத்தையும் தைராய்டையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

நேரம் நெருங்கிவிட்டதால், முடி வளர்வதற்கான மருந்தாகிய மினாக்சிடிலைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். அது தலையில் தடவி அலசாமல் விட வேண்டியது. கருவுற்றோரும் பாலூட்டுவோரும் தவிர்க்க வேண்டும், மற்றவர்கள் மருத்துவரைக் கேட்டே தொடங்க வேண்டும். நன்றி, வணக்கம்.