பாறைக்குள் சுவறிய குரல்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இன்று உங்களை ஒரு மலைக்கோயிலுக்கு அழைத்துப் போகிறேன். படிகள் 1015. பயப்பட வேண்டாம், நாம் ஏறப்போவது பாதி தூரம்தான். நான் பார்க்கப் போனது பாதி வழியில் இருக்கும் ஒரு கல்லை.

ஜப்பானின் வடபகுதியில் யமகத்தா என்றொரு மாநிலம். அங்கே 860ஆம் ஆண்டில் என்னின் என்ற பௌத்தத் துறவி நிறுவிய கோயிலின் பெயர் ரிஷ்ஷகுஜி. அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்பவர்கள் குறைவு. எல்லோரும் யமதேரா என்றுதான் சொல்வார்கள். யமா என்றால் மலை, தேரா என்றால் கோயில். சென்டாய் நகரிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். ரயிலை விட்டு இறங்கினாலே செங்குத்தான பாறைகளும், அவற்றின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னச் சின்ன மண்டபங்களும் தெரியும்.

1689 கோடையில் ஹைக்கூக் கவிஞர் மாட்சுவோ பாஷோ இங்கே வந்தார். எடோவிலிருந்து, அதாவது இன்றைய டோக்கியோவிலிருந்து, வடக்கு நோக்கி நடந்த நெடும்பயணம் அது. கூடவே சோரா என்ற சீடர். யமதேரா அவர்கள் போகிற வழியில் இல்லை. ஒபனசவா என்ற ஊரில் தங்கியிருந்தபோது அங்கிருந்தவர்கள், "அதை அவசியம் பார்த்துவிட்டுப் போங்கள்" என்றார்கள். ஏறக்குறைய 28 கிலோமீட்டர். கிளம்பி வந்தார்கள். பொழுது இன்னும் சாயவில்லை. அடிவாரத்தில் தங்க இடம் பிடித்துவிட்டு, அன்றைக்கே மலையேறினார்கள். மண்டபக் கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன, ஒரு சத்தமும் இல்லை என்று பாஷோ எழுதுகிறார். அங்கே பிறந்த மூன்று வரிகளைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்:

என்ன அமைதி!
பாறைக்குள் சுவறுகிறது
சில்வண்டின் குரல்.

சில்வண்டு உங்களுக்குத் தெரிந்ததுதான். நம் சங்கப் பாட்டில் சிள்வீடு என்று வரும். ஒன்று தொடங்கினால் போதும், தோப்பே இரையும். அப்படி இரையும் இடத்தில் நின்று ஒருவர் "என்ன அமைதி" என்கிறார். இது எப்படி? பல வருடங்களாக என்னை விடாத கேள்வி இதுதான். அதற்காகத்தான் அந்தக் கல்லைப் பார்க்கப் போனேன்.

கல்லுக்கு வருவோம். தேவதாரு நிழலில் படியேறிப் போனால், பாதி மலையில் பாசி படிந்து நிற்கிறது. பெயர் செமிசுகா. செமி என்றால் சில்வண்டு, சுகா என்றால் மேடு, சமாதிமேடு. ஆனால் இது யாருடைய சமாதியும் இல்லை. பாஷோவின் இந்தக் கவிதை எழுதிய காகிதத் துண்டை இங்கே புதைத்து, அதன் மேல் 1751இல் கல் நட்டார்கள் பின்னால் வந்த ஹைக்கூக் கவிஞர்கள். ஒரு காகிதத்துக்கு எழுப்பிய கல்! கவிஞர் இறந்து 57 வருடம் ஆன பிறகு.

இதில் இன்னொரு விஷயம். அங்கே பிறந்த வரிகள் என்று சொன்னேன் அல்லவா? மலையில் பிறந்தது அதே வடிவத்தில் அல்ல. சோராவின் குறிப்பேடு 1943இல்தான் அச்சில் வந்தது. அதில் முதல் வடிவம் இருக்கிறது. "மலைக்கோயில்! கல்லில் கறையாய் ஒட்டுகிறது சில்வண்டின் குரல்." கவனியுங்கள். அமைதி என்ற சொல்லே இல்லை. அப்புறம் ஒரு வடிவத்தில் "என்ன தனிமை" என்று தொடங்கினார். கடைசியில்தான் "என்ன அமைதி" வந்தது. கல், பாறை ஆயிற்று. ஒட்டுவது, சுவறுவது ஆயிற்று. கோடை மழைத் தண்ணீர் காய்ந்த மண்ணில் சுவறுவதைப் பார்த்திருப்பீர்கள். மேலே நிற்காது, வழிந்தும் ஓடாது, உள்ளே போய்விடும். குரல் அப்படிப் பாறைக்குள் போகிறது. அந்த அமைதி ஒரே மாலையில் கிடைத்துவிடவில்லை. எழுதி, அடித்து, மறுபடி எழுதித்தான் அவர் அங்கே போய்ச் சேர்ந்தார். அதனால்தான் அந்த அமைதியை நான் நம்புகிறேன்.

சரி, எந்தச் சில்வண்டு? சிரிக்காதீர்கள், இதற்காக ஜப்பானில் பெரிய சண்டையே நடந்தது. 1920களில் சைத்தோ மொகிச்சி என்ற கவிஞர், அது அபுராசெமிதான் என்று எழுதினார். அபுரா என்றால் எண்ணெய். சட்டியில் பொரிகிற மாதிரி சடசடவென்று இரையும் பெரிய வண்டு அது. மொகிச்சி மருத்துவர், அதே யமகத்தா மண்ணில் பிறந்தவர். அவர் சொன்னால் யார் மறுப்பார்கள்? கொமியா தொயொதகா என்ற இலக்கிய அறிஞர் மறுத்தார். பாஷோ வந்தது நம் கணக்கில் ஜூலை நடுப்பகுதி, அப்போது அபுராசெமி வந்திருக்காது, மேலும் அந்தச் சடசடப்பு பாறைக்குள் சுவறுமா என்று கேட்டார். அது நீநீசெமி என்றார். மரப்பட்டை நிறத்தில் சின்ன வண்டு, மெல்லிய கம்பி இழுத்த மாதிரி நீளமான ஒற்றைக் குரல்.

மொகிச்சி என்ன செய்தார் தெரியுமா? அதே பருவத்தில் யமதேராவில் வண்டுகளைப் பிடித்துப் பார்க்க ஏற்பாடு செய்தார். வந்தவற்றில் பெரும்பாலும் நீநீசெமி. தான் சொன்னது தவறு என்று ஒப்புக்கொண்டார். ஒரு கவிதையின் ஒரு சொல்லுக்காக! அந்த மனிதர் மேல் எனக்கு அன்றிலிருந்து தனி மரியாதை.

நான் போனதும் ஜூலைதான். கல் எதிரே உட்கார்ந்தேன். முதலில் படியேறி வருகிறவர்களின் மூச்சிரைப்பும் பேச்சும்தான் காதில் விழுந்தன. அவர்கள் கடந்து போனார்கள். அப்புறம் அந்தக் கம்பி இழுத்த குரல். அது எப்போது தொடங்கியது என்றே தெரியவில்லை. முன்பே இருந்திருக்கிறது. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. மேலே போகவே மனம் வரவில்லை.

நேரம் முடியப்போகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். ஒட்சு நகரில் கிச்சுஜி கோயிலில் இருக்கும் பாஷோவின் கல்லறையைப் பற்றியும் பேச எண்ணியிருந்தேன். 1694இல் ஒசாகாவில் இறந்தவரை, அவர் விரும்பியபடியே அங்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். பாரதியார் 1916இலேயே சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதியதையும் சொல்லியிருக்க வேண்டும். இன்றைக்கு முடியாது. யமதேராவுக்குப் போகிறவர்கள் ஜூலையில் போங்கள். ஆகஸ்டில் எண்ணெய்ச் சட்டிக்காரர் வந்துவிடுவார். வணக்கம்.