பத்து போஞ்சி விதை

எல்லாருக்கும் வணக்கம்ங்க, தேயிலத் தோட்டத்து லயத்துல வேலைக்கு நடுவுல ரேடியோவ போட்டுட்டு கேட்டுக்கிட்டு இருக்குற அம்மாமாருக்கும், முக்கியமா பாட்டிமாருக்கும். நான் சின்னப் புள்ளைங்க க்ளினிக்ல ரொம்ப வருஷமா வேல செய்யுற நர்ஸ்.

வலிப்பு, மூச்சு இழுப்பு, சீனி வருத்தம்னு தினமும் வீட்டுலயே பாத்துக்க வேண்டிய புள்ளைங்க எங்ககிட்ட வருதுங்க. மருந்த குடுத்துட்டு கடைசியா, "வெளங்குச்சா, வீட்டுல சமாளிப்பீங்களா?"ன்னு கேப்பேன், எல்லா அம்மாவும் தலையாட்டுவாங்க, நானும் கார்ட்ல அடுத்த தேதிய எழுதி அனுப்பிருவேன், அப்பறம் பாத்தா அதே புள்ள நடுராத்திரியில வார்ட்டுக்கு வந்துருக்கும்.

அந்தத் தலையாட்டல வச்சு ஒண்ணும் அளக்க முடியாதுங்க. "என்னால முடியும்"ங்கிற நம்பிக்கைய பத்தி 1977ல எழுதுன ஆல்பர்ட் பண்டூராங்கிற உளவியல் அறிஞர், 2006ல அத எப்பிடி அளக்குறதுன்னும் எழுதிருக்காரு. "செய்வீங்களா"ன்னு கேக்கக்கூடாது, "செய்ய முடியுமா"ன்னு கேக்கணும், அதுவும் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியா, 0ல இருந்து 100 வரைக்கும் நம்பர் போடச் சொல்லி.

நம்ம ஆளுங்களுக்கு வெளங்கட்டுமேன்னு நான் மொதல்ல கொழுந்து கிலோ கணக்குல கேட்டேன். பெரிய பிழ அது. கிலோ கொறஞ்சா அரப்பேரு, அதாவது அரநாள் சம்பளம்தான்னு பயந்து பழகுனவங்க, எல்லாரும் நெறைய கிலோவத்தான் சொன்னாங்க. அதுக்குப் பிறகுதான் பத்து போஞ்சி விதைய மேசையில வச்சேன். முழுசா முடியும்னா பத்தையும் எடுத்து முன்னால வைங்க, முடியவே முடியாதுன்னா ஒண்ணும் வைக்காதீங்கன்னேன். கொறைய வச்சா உங்களுக்கு ஏச்சு இல்ல, எனக்குத்தான் சொல்லிக்குடுக்குற வேலன்னு சொல்லிட்டு கேட்டேன்.

ஸ்பேசர்ங்கிற குழாய வச்சு இழுப்பு மருந்த பம்ப் அடிக்கிறதுக்கு ஒம்பது வச்ச அம்மா, ராத்திரி தனியா இருக்கப்ப இழுப்பு கூடுனான்னு கேட்டதுக்கு ரெண்டுதான் வச்சாங்க. டாக்டர் சிங்களத்துல சொன்னது வெளங்கலன்னா திருப்பி கேக்க முடியுமான்னேன், ஒரு விதைய எடுத்தாங்க, அதையும் திரும்ப குவியல்லயே போட்டுட்டாங்க. எனக்கு அன்னைக்கு சோறு எறங்கல, இத்தன வருஷம் கேக்காம விட்டுட்டோமேன்னு.

ஆனா பத்து விதையும் வச்சா சரின்னு விட்டுறவும் கூடாது. வலிப்பு வந்தா சமாளிக்க பத்து வச்ச ஒரு அம்மாகிட்ட செஞ்சு காட்டுங்கன்னா, கையில இரும்பு சாவிய குடுத்து வாயில கரண்டி வைப்பேன்றாங்க. வேணாங்க, அது ஆபத்து! புள்ளைய ஒருக்களிச்சு படுக்க வச்சு, வாயில ஒண்ணும் வைக்காம, மணியப் பாருங்க, 5 நிமிஷத்துக்கு மேல போனா 1990 ஆம்புலன்ஸுக்கு அடிங்க. அதனால நம்பிக்கைய கேக்கும்போதே செஞ்சும் காட்டச் சொல்லணும். அம்மா கொழுந்தெடுக்க மலைக்குப் போனா புள்ளைய பாக்குறது தோட்டத்து புள்ளக்காம்பரா ஆயா, அவங்ககிட்டயும் விதைய குடுத்துத்தான் ஆகணும்.

ஒரு பாட்டி, மகனும் மருமகளும் கொழும்புல, வலிப்பு உள்ள பேரன இவங்கதான் பாக்குறாங்க. ராத்திரி வலிப்புக்கு மொத மாசம் ரெண்டு விதை வச்சாங்க. தலையணைய புள்ள மாதிரி படுக்க வச்சு ரெண்டு பேரும் திரும்பத் திரும்ப செஞ்சு பாத்தோம். மூணாம் மாசம் ஆறு. மிச்ச நாலு ஏன் பாட்டின்னு கேட்டேன்.

"மிஸ், வண்டி ரோட்டு வரைக்கும்தானே வரும், லயத்துல இருந்து மேல யாரு தூக்குறது?"

அதுக்கு நான் என்னத்த சொல்லிக்குடுக்குறது. பாட்டியவே கேட்டு, பக்கத்து லயத்துல ரெண்டு பொடியனுங்க நம்பர பெருசா எழுதி செவத்துல ஒட்டச் சொல்லிருக்கேன். வர்ற க்ளினிக்ல மறுபடி எண்ணிப் பாக்கணும்.